சாமி இறங்கும் ஓடை

பொத்தைத்துறைக்கு மேற்கே ஒரு பொத்தை இருக்கிறது. மலை என்று சொன்னால் மலைகள் சிரிக்கும். மேடு என்று சொன்னால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும். அதன் இடுப்பில் ஒரு மடம். மடத்தின் சமையற்கட்டில் அணையா அடுப்பு.

ஏதோ ஒரு பஞ்சத்தில் மடத்தை நிறுவிய பெரியவர் அதை மூட்டினாராம். "பசி இருக்கும்வரை இது அணையக் கூடாது" என்றாராம். பசி எங்கே போகப்போகிறது? அடுப்பும் அணையவில்லை. மத்தியானம் யார் வந்தாலும் கஞ்சி உண்டு. இரவில் சமையல் கிடையாது. ஆனாலும் நெருப்பு செத்துவிடக் கூடாதே என்று பெரிய சவுக்குக் கட்டையை அடுப்பில் திணித்து, ஈரப் பனைமட்டையும் தேங்காய் உரித்த தென்னந்தொண்டும் மேலே போட்டு மூடிவிடுவார்கள். விடிய விடியப் புகைந்துகொண்டே இருக்கும்.

அந்த வேலை பூதலிங்கத்தினுடையது. கல்யாண வீடுகளில் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். மனைவி போனபிறகு கரண்டியை எறிந்துவிட்டு மடத்துக்கு வந்தார். மடத்தில் அவர் கையில் மறுபடியும் கரண்டியையே கொடுத்தார்கள்.

அவருடைய குரு வேலம்மை அவரைவிட வயதில் மிகவும் இளையவர். பழைய தலைவர் சாகும்போது இந்தப் பெண்ணைத்தான் கைகாட்டினார். பூதலிங்கம் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு சரியாகிவிட்டது. அவர் அவளை 'அம்மை' என்பார். அவள் அவரை 'அண்ணாச்சி' என்பாள். யாருக்கு யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். அதில் இருவருக்குமே ஒரு சிரிப்பு உண்டு.

பொத்தைக்குக் கீழே, ஒரு குழிக்குள் இருப்பதுபோல ஊர் இருந்தது. பொத்தையின் ஒரு கை வடக்கே வளைந்து கடல்வரை நீண்டிருந்தது. கிழக்கே, கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில், பனை உயரத்துக்கு மணல்மேடு. முதலில் வந்து குடிசை போட்டவர்கள் இடம் பார்க்கத் தெரிந்தவர்கள். வாடைக்காற்றைப் பொத்தையின் கை தடுக்கும். கடல் பொங்கினால் மணல்மேடு தடுக்கும். புயலில் அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் கூரை பறந்தபோதும் இங்கே ஒரு ஓலை அசையவில்லை. அந்தப் பெருமையை ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

ஆனால் மார்கழி பிறந்தால் ஊரே இருமும். பெரியவர்களுக்கு இழுப்பு வரும். தை முடிவதற்குள் ஏதாவது ஒரு வீட்டில் தொட்டிலை அவிழ்ப்பார்கள். சித்திரையில் எல்லாம் மறந்துபோகும்.

ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானம், கஞ்சி வாங்க வந்தவர்கள் போனபிறகும் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். முப்பிடாதி. வலைக்காரர் கொம்பையாவின் மனைவி. போன தை மாதம் அவளுடைய முதல் பிள்ளை மூச்சு முட்டிச் செத்துப்போனது. இப்போது கையில் இரண்டாவது பிள்ளை, பெண். பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

"அண்ணாச்சி, இந்தப் பிள்ளையாவது தங்குமா?"

பூதலிங்கம் அடுப்புச் சாம்பலை எடுத்துக் குழந்தையின் நெற்றியில் பூசினார்.

"தங்கும்ளா. போ."

அவள் போய்விட்டாள். முதல் பிள்ளைக்கும் இதே சாம்பலைப் பூசி இதே வார்த்தையைத்தான் சொன்னோம் என்பது அவருக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

வேலம்மை முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். அவர் போய் நின்றார்.

"அம்மை, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"கீழ ஊர்ல மார்கழி தையில மட்டும் ஏன் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுது? ஆடியிலயும் அதே ஊருதான். அதே கடலுதான். நம்ம கஞ்சியத்தான் குடிக்காங்க. அப்ப ஒண்ணும் செய்யலயே."

வேலம்மை விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். ஏதாவது கதை சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார்.

"எனக்குத் தெரியலயே" என்றாள்.

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"அண்ணாச்சி, நீங்க மார்கழியில ஒரு நாளாவது அங்கன விடியக்காலம் மூச்சு விட்டுப் பாத்திருக்கீகளா?"

"இல்ல."

"நானும் இல்ல. மார்கழி பொறந்ததும் போய் இருந்துட்டு வாங்க."

"அடுப்பு?"

"நான் பாத்துக்கிடுதேன்."

அவருக்கு மனசே இல்லை. புறப்படும் நாள் வரைக்கும் குருவுக்குப் பாடம் நடத்தினார். எந்தக் கட்டை, எவ்வளவு தொண்டு, மட்டையை எப்படிக் குறுக்காகப் போடுவது. "பின்கதவத் தெறந்தே வையுங்க. இல்லேன்னா மடம் பூரா புகை அடைஞ்சிரும். அணைஞ்சிராம பாத்துக்கிடுங்க." இதை வாசலில் ஒரு தடவையும், படியில் ஒரு தடவையும், பாதி இறக்கத்தில் திரும்பி நின்று ஒரு தடவையும் சொன்னார். வேலம்மை ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள்.

கொம்பையா தன் வீட்டை ஒட்டிய வலைக்கொட்டகையில் அவருக்கு இடம் ஒழித்துக் கொடுத்தான். மடத்து அண்ணாச்சி நம் வீட்டில் தங்குகிறார் என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் நல்ல மீனாக வந்தது. சாப்பிட மாட்டேன் என்று இவர் சொல்லச் சொல்ல, வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது.

முதல் நாள் விடியற்காலம் பூதலிங்கம் இருமிக்கொண்டே எழுந்தார். தொண்டைக்குள் யாரோ சாக்கைத் திணித்ததுபோல இருந்தது. வெளியே வந்து பார்த்தார். வீடுகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ தேங்கி நின்றது. பனி என்று நினைத்தார். மோந்து பார்த்தார். புகை.

"கண்டுபிடிச்சிட்டேன்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். கல்யாண வீட்டில் உப்பு கூடிப்போனால் உடனே கண்டுபிடிக்கிற ஆள் அல்லவா.

அன்றைக்கே ஊரைக் கூட்டினார்.

"கொசுவுக்குத் தொண்டு கொளுத்துதீக. இனிமே கூடாது. குப்பையப் பூரா மணல்மேட்டுக்குக் கீழ போட்டு எரிக்கீக. அதுவும் கூடாது. விடியுறதுக்கு முன்ன யாரும் அடுப்பு மூட்டக் கூடாது. பீடியும் கூடாது."

"கருப்பட்டிக் காப்பி?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"வெயில் வந்த பொறவு குடியும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். சொன்னது மடம். கேட்டார்கள். இரவெல்லாம் கொசு பிடுங்கியது. கடலுக்குப் போகிறவர்கள் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்கள். கிழவர் காப்பி இல்லாமல் மதினியிடம் சண்டை போட்டார். ஊரில் ஒரு கங்குகூட இல்லை.

ஆனாலும் விடிந்தால் புகை நின்றது. பிள்ளைகள் இருமின.

பூதலிங்கம் குழம்பிப்போனார். மற்ற வேலை எதையும் விட்டுவிட்டுக் காற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். வெயில் ஏறியபிறகு மணல்மேட்டைத் தாண்டிக் கடற்காற்று வரும். வந்ததும் எல்லாம் கலைந்துவிடும். வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். இருமல்கூட அடங்கும். பொழுது சாய்ந்தால் கடற்காற்று நின்றுவிடும். பொத்தைக்கு அப்பால் வாடை விர்ரென்று போகிற சத்தம் மட்டும் கேட்கும். ஊருக்குள் ஒரு இலை அசையாது. பொத்தைப் பாறைகளெல்லாம் குளிர்ந்து, அந்தக் குளிர் மெல்ல இறங்கி வந்து காலைச் சுற்றும். புயலைத் தடுக்கிற சுவர்கள் அதையும் வெளியே விடாமல் தடுத்துக்கொண்டு நின்றன.

இது அவருக்குப் புரிந்தது. புகை எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியவில்லை.

மறுநாள் விடியற்காலம் காலடிச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் பிள்ளை. தலையில் குளித்த ஈரம். யாரும் பேசவில்லை. முப்பிடாதியும் போனாள். பின்னாலேயே கொம்பையா செருப்பில்லாமல் போனான்.

"எங்கல போறீக எல்லாரும்?"

"ஓடை வாசலுக்கு அண்ணாச்சி. உங்களை எழுப்ப வேண்டாம்னு நெனச்சேன். வாங்க, சாமி இறங்குத நேரம்."

பொத்தையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்குகிற ஓடை ஒன்று உண்டு. அது ஊருக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு பாறைகள். கூட்டம் அங்கே போய் நின்றது. பூதலிங்கமும் நின்றார்.

ஓடைக்குள்ளிருந்து புகை வந்தது. அடுப்பிலிருந்து எழுகிற மாதிரி மேலே எழவில்லை. தரையோடு தரையாக வந்தது. முதலில் முழங்கால் அளவு. பிறகு இடுப்பளவு. பாறைகளுக்கு நடுவே வந்து, ஊருக்குள் சத்தமில்லாமல் பரவியது.

"சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான் கொம்பையா. "மார்கழியும் தையுந்தான் அண்ணாச்சி இறங்கும். மத்த மாசமெல்லாம் தலைக்கு மேலால கடலுக்குப் போயிரும், இல்லேன்னா பொத்தையத் தாண்டி மேக்க போயிரும். இந்த ரெண்டு மாசந்தான் எங்க வீட்டுக்கு வரும்."

வாசனை பூதலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது. சவுக்கு. ஈரப் பனைமட்டை. தென்னந்தொண்டு. அவர் சொல்லிக்கொடுத்த அதே அளவில். அம்மை நல்ல மாணவி என்று தோன்றியது.

பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய்ப் பாறைக்கு நடுவே நின்று, இரண்டு கைகளையும் நீட்டிப் பிள்ளையைப் புகைக்குள் பிடித்தார்கள். பிள்ளைகள் கண்ணைச் சுருக்கி இருமின. ஒவ்வொரு இருமலுக்கும் சுற்றி நின்றவர்கள், "தோசம் கழியுது, தோசம் கழியுது" என்று மெதுவாகச் சொன்னார்கள்.

முப்பிடாதியின் முறை வந்தது.

"ஏளா, இன்னைக்கு வேண்டாம்" என்றார் பூதலிங்கம். "பிள்ளைக்குப் பனி ஒத்துக்கிடாது."

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"சாமிய விடவா பனி பெருசு? போன வருசம் எனக்குக் காய்ச்சல் அண்ணாச்சி. பாதி நாளு பையன இங்கன கொண்டு வரவே இல்ல. அதான் சாமிக்குக் கோவம், அவனைக் கூப்பிட்டுக்கிட்டாரு. இந்த வருசம் ஒரு நாளு விட மாட்டேன்."

நீட்டினாள். குழந்தை இருமியது. சின்ன மார்பு உள்ளே போய் வெளியே வந்தது.

பூதலிங்கம் பாய்ந்து குழந்தையை வாங்கித் துண்டால் மூடிக்கொண்டு மணல்மேட்டின் மேல் ஏறினார். மேலே காற்று சுத்தமாக இருந்தது. குழந்தை கொஞ்ச நேரம் விசில் சத்தத்தோடு மூச்சு விட்டது. பிறகு அழுதது. அந்த அழுகை அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

திரும்பிப் பார்த்தால், மணல்மேட்டின் கீழே எல்லாப் பெண்களும் பிள்ளைகளை நீட்டியபடி நின்றார்கள்.

"எங்க பிள்ளையையும் வாங்கிக்கிடுங்க அண்ணாச்சி."

"முப்பிடாதி பிள்ளைக்கு மட்டுமா ஆசீர்வாதம்?"

அவர் குழந்தையைத் தாயிடம் கொடுத்தார். ஓடைக்குள் இறங்கி, புகை வந்த வழியே மேலே நடக்க ஆரம்பித்தார்.

கண் எரிந்தது. பாறையைப் பிடித்துப் பிடித்து ஏறினார். மேலே போகப் போக ஓடை ஒடுங்கியது. புகையும் ஒடுங்கியது, அடர்ந்தது. வழியில் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டார். வேறு எங்காவது போய் முடியட்டும் என்று வேண்டிக்கொண்டார். எந்தச் சாமியிடம் வேண்டுகிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

கடைசியில் ஒரு கதவுக்கு முன்னால் வந்து நின்றார். திறந்தே வையுங்கள் என்று அவர் சொல்லிவிட்டுப் போன கதவு. வேலம்மை அடுப்பருகே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீகளா அண்ணாச்சி? அணையல. பாத்துக்கிடுங்க."

அவர் வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பாறை, பெண்கள், நீட்டிய கைகள். முப்பிடாதி சொன்னதைச் சொல்லும்போது மட்டும் இரண்டு தடவை நிறுத்தினார்.

வேலம்மை எழுந்தாள். அரிசி கழுவி வைத்திருந்த தண்ணீரை எடுத்துவந்து பின்வாசல் படியில் மெதுவாக ஊற்றினாள். வெள்ளைத் தண்ணீர் கல்லில் வளைந்து இறங்கி ஓடையைத் தேடிப் போனது. அதன் மேலே ஒரு சாண் உயரத்தில், அதே வளைவில் வளைந்து, புகை போனது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆடியில?" என்று கேட்டார் பூதலிங்கம்.

"ஆடியில தள்ளிவிடக் காத்து இருக்கு. இப்ப யாரும் தள்ளல. குளிர்ந்து போச்சுன்னா அதுவும் தண்ணி மாதிரி எறங்கிரும் போல."

"அம்மைக்கு இது முன்னமே தெரியுமா?"

"இல்ல." பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "கண்ணுக்கு மறையுற வரைக்கும் பாத்திருக்கேன். மறைஞ்ச பொறவு எங்க போகுதுன்னு கேட்டதில்ல."

"என்ன செய்ய?"

"நீங்கதான் சொல்லணும். உங்க அடுப்பு."

பூதலிங்கம் அடுப்பைப் பார்த்தார். மனைவி செத்த வருடத்தில் இதன் முன்னால் உட்கார்ந்துதான் அழுதிருக்கிறார். தனக்கென்று அவர் காப்பாற்றி வைத்திருந்தது இது ஒன்றுதான்.

"அணைச்சிட்டா ஊருக்குக் கஞ்சி?"

"கஞ்சி பகல்ல வேகும். கடக்காத்து வந்த பொறவு மூட்டி, அது நிக்கதுக்கு முன்ன அணைச்சிருவோம்."

"பெரியவர் வாக்கு இருக்கே அம்மை."

"பசி இருக்குற வரைக்கும்னு சொன்னாக. ராத்திரி எரிஞ்சது யாரு பசிக்கு?"

அவர் அடுப்பிலிருந்து கண்ணை எடுத்தார்.

"பேருக்கு" என்றார்.

எழுந்து குடத்தை எடுத்தார். இந்த நிமிடமே ஊற்றிவிட வேண்டும் என்று அவருக்கு வெறி வந்திருந்தது. வேலம்மை கையைப் பிடித்தாள்.

"இப்ப ஊத்தினா மிச்சப் புகை பூராவும் ஒண்ணாக் கீழதான் போகும். கடக்காத்து வரட்டும்."

கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். வெயில் ஏறியது. ஊருக்குள் புகை அப்படியே கிடந்தது. மேலிருந்து பார்த்தால் வீடுகளே தெரியவில்லை. இத்தனை வருடமும் காலையில் எழுந்து இதைப் பார்த்து, "ஊர் பனிக்குள்ள என்ன அழகா கெடக்கு" என்று சொல்லியிருக்கிறார். நினைத்துக்கொண்டபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தோளில் கிடந்த துண்டின் நுனி மெல்லத் தூக்கியது. மேற்கே பறந்தது.

ஊற்றினார். அடுப்பு சீறியது. ஆவியும் புகையும் எழுந்து பொத்தையின் தலைக்கு மேலே ஏறி உடைமரக் காட்டுப் பக்கம் போயின. பூதலிங்கம் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார். வேலம்மை தடுக்கவில்லை.

மறுநாள் விடிந்தது. ஓடை சும்மா கிடந்தது. ஊர் முழுவதும், மார்கழியில் முதல் தடவையாக, மேலிருந்து தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு கூரையும் தெரிந்தது. ஓடை வாசலில் கூட்டமாக நின்ற மனிதர்களும் தெரிந்தார்கள்.

வெயில் வருவதற்குள் கூட்டம் மேலே ஏறி வந்துவிட்டது.

"அண்ணாச்சி!" கொம்பையாவின் குரல். "எங்க ஊருக்கு வந்து என்ன கொறை கண்டீக? மீன் வீட்டுல தங்க வச்சது தப்பா? மடத்து அடுப்புச் சாமி ஏன் இறங்கல?"

"கேட்டதெல்லாம் செஞ்சோமே" என்றார் காப்பிக் கிழவர். "பீடிய விட்டோம். காப்பிய விட்டோம்."

"மடத்துக்கு எங்க மேல கோவம்னா சொல்லிருங்க. ஓடை வாசல்ல சவுக்கும் மட்டையும் கொண்டாந்து அடுக்கியாச்சு. நாளைக்கும் இறங்கலேன்னா நாங்களே மூட்டிச் சாமிய வரவழைச்சிருவோம்" என்றது கூட்டத்திலிருந்து இன்னொரு குரல்.

முப்பிடாதி சத்தம் போடவில்லை. படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அதன் மூச்சில் இன்னமும் அந்த விசில் சத்தம் இருந்தது. ஒரு நாள் தவறிவிட்டதே என்று அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

பூதலிங்கம் உள்ளே வந்தார். அணைந்த அடுப்பருகே வேலம்மை சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மை, விறகு நனைஞ்சு போச்சுன்னு சொல்லிரட்டுமா?"

"வெறகு காஞ்சிரும் அண்ணாச்சி. பொறவு கேப்பாங்க."

"பெரியவர் கனவுல வந்து அணைக்கச் சொன்னாகன்னு சொன்னா நம்பிருவாங்க."

"நம்புவாங்க. நம்பிக்கிட்டே கீழ போய் மூட்டுவாங்க."

அது உண்மை என்று அவருக்குத் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப உள்ளதச் சொல்லணும்."

"ஆமா."

"சொல்லிரலாம். மத்தவங்க கோவப்படுவாங்க, ஏசுவாங்க. கல்லெடுத்து எறிஞ்சாலும் வாங்கிக்கிடுதேன். ஆனா அவ..." வாசல் பக்கம் பார்த்தார். "அவ கையால நீட்டினா அம்மை. பாதி நாளு கொண்டு வராததுனாலதான் மகன் செத்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. கொண்டு வந்த நாளுனாலதான்னு அவகிட்ட நான் எந்த வாயால சொல்லுவேன்?"

வேலம்மை சாம்பல் அள்ளுவதை நிறுத்தினாள்.

"அடுப்பு நம்மளது. அதச் சொல்லுங்க. கட்டையத் திணிச்சது நாம. கதவத் தெறந்து வச்சது நாம. மேல இருந்து பாத்துட்டு அழகா இருக்குன்னு சொன்னதும் நாமதான். ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"அவ கையப் பத்தி?"

"அத நீங்க சொல்லாதீக."

"சொல்லலேன்னாலும் அவளுக்குத் தெரிஞ்சிருமே. உக்காந்து யோசிச்சான்னா, இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு, அவளே கேப்பாளே."

"கேப்பா."

வெளியே குழந்தை இருமியது. "தோசம் கழியுது" என்று யாரோ சொன்னார்கள். பூதலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"கேட்டா நான் என்ன செய்ய அம்மை?"

வேலம்மை எழுந்து, பின்கதவைச் சாத்திவிட்டு, முன்கதவை அவருக்காகத் திறந்துவிட்டாள்.

"அவ கேக்குற வரைக்கும் பக்கத்துலயே இருங்க. கேட்ட பொறவும் எந்திரிச்சு வந்துராதீக."